எலும்புப்புரைக்கு எந்த டாக்டர், எந்த மருந்து, அதற்கு அடுத்து என்ன?

ஒரு மகள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது, கட்டுப் போட்டார்கள், கூடிவிட்டது. இப்போது முதுகுவலி என்று போன இடத்தில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடுப்பில் அந்த அடர்த்தி எண், அதாவது டி-ஸ்கோர், மைனஸ் 2.9. ஒரு டாக்டர் கால்சியம் மாத்திரை போதும் என்கிறார். இன்னொருவர் வருடத்துக்கு ஒரு ஊசி என்கிறார். மூன்றாமவர் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறார். அந்த ஊசியைப் போட்டால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். மகள் கேட்கிறார்: யாரிடம் காட்டுவது, யார் சொல்வதைக் கேட்பது?

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்தவர்களை மறுபடி எழுந்து நடக்கவைப்பது பதினெட்டு வருடமாக என் வேலை. மருந்து எழுதிக் கொடுக்கிறவள் நான் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால் எல்லா டாக்டர்களையும் பார்த்து முடித்தவர்கள் கடைசியாக வந்து சேர்கிற இடம் எங்கள் அறை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வருவார்கள், பயிற்சி செய்துகொண்டே பேசுவார்கள், ஃபைலை எடுத்துக் காட்டுவார்கள். எந்த இடத்தில் யார் கோட்டைவிட்டார்கள் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முறிந்த எலும்பைக் கூட்டிவைப்பது ஒரு வேலை. ஒரு சாதாரண தடுக்கலுக்கு அந்த எலும்பு ஏன் முறிந்தது என்று பார்ப்பது இன்னொரு வேலை. உங்கள் அம்மாவுக்கு முதல் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. இரண்டாவது வேலை இரண்டு வருடமாக நடக்கவே இல்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அதுவே எலும்புப்புரைக்கான எச்சரிக்கை. ஒரு முறிவுக்குப் பிறகு வரும் முதல் இரண்டு வருடங்களில்தான் அடுத்த முறிவுக்கான ஆபத்து மிக அதிகம். அந்த இரண்டு வருடத்தை இழந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம். ஆனால் காரியம் கைமீறிப் போய்விடவில்லை.

இதில் நம் பேச்சுவழக்கும் சேர்ந்து குழப்புகிறது. ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நோய்களுக்குச் சொல்கிறோம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. அது வலிக்கும், மாடிப்படி ஏறவிடாது. எலும்புக்கு உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து புரையோடிப் போவது இன்னொன்று. அது முறிகிற நாள்வரை வலிக்காது. முன்னது ஆஸ்டியோஆர்த்ரைடிஸ், பின்னது ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. ‘தேய்மானத்துக்குத்தான் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேனே’ என்று நிம்மதியாக இருக்கும் எத்தனையோ பேருக்கு இரண்டாவதை யாரும் சோதித்ததே இல்லை. டாக்டரிடம் பேசும்போது ஆஸ்டியோபோரோசிஸ் என்ற சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

இனி எந்த டாக்டர் என்பதற்கு வருகிறேன். எலும்புப்புரைக்கென்று தனித் துறை கிடையாது. நோயாளிகள் நடுவில் விழுந்துவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். எலும்பு என்றதும் ஆர்த்தோ டாக்டரிடம் போகிறோம். அவர் அறுவை சிகிச்சை நிபுணர். முறிவைச் சரிசெய்து அனுப்புவார். சில ஆர்த்தோ டாக்டர்கள் எலும்புப்புரையையும் அக்கறையாகப் பார்க்கிறார்கள், ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்ட், மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட் இருவரும் இந்த நோயைத் தங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறவர்கள். உங்கள் நிலையில் இருப்பவர்களை நான் முதலில் அங்கே அனுப்புவேன்.

இரண்டில் யார் என்பதை உடம்பில் இருக்கும் மற்ற பிரச்சினைகளை வைத்து முடிவு செய்யலாம். தைராய்டு, பாராதைராய்டு, சர்க்கரை, 45 வயதுக்கு முன்பே நின்றுபோன மாதவிடாய், சிறுநீரகக் கல், வயதுக்குப் பொருந்தாத அளவுக்கு மோசமான டி-ஸ்கோர் இவற்றில் ஏதாவது இருந்தால் எண்டோகிரைனாலஜிஸ்ட். முடக்குவாதம் இருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவராக இருந்தாலோ ருமட்டாலஜிஸ்ட். எண்பதைத் தாண்டியவர், பத்து மாத்திரை சாப்பிடுகிறவர், அடிக்கடி விழுகிறவர் என்றால் முதியோர் மருத்துவ நிபுணர் மற்ற இருவரைவிடப் பொருத்தமானவர். விழுவதற்கான காரணத்தையும் அவர் சேர்த்துப் பார்ப்பார். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்திருந்தால் நெஃப்ராலஜிஸ்ட் இல்லாமல் எந்த எலும்பு மருந்தையும் தொடக்கூடாது. அங்கே எலும்பு பலவீனமாவதற்கான காரணமே வேறாக இருக்கலாம். மாதவிடாய் நின்று சில வருடங்களே ஆன, ஐம்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையை யோசிக்கலாம். சில பெரிய மருத்துவமனைகளில் எலும்பு முறிந்து வருகிறவர்களை அப்படியே விட்டுவிடாமல் எலும்புப்புரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள், இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இவர்கள் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். சிக்கல் இல்லாத எலும்புப்புரையை ஒரு நல்ல பொதுமருத்துவரே தாராளமாகப் பார்க்கலாம். வாசலில் தொங்கும் பட்டத்தைவிட, அவர் உள்ளே கேட்கிற கேள்விகளைத்தான் நான் கவனிப்பேன்.

அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததுண்டா? இளவயதில் இருந்ததைவிட உயரம் குறைந்திருக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? போன வருடம் எத்தனை முறை விழுந்தீர்கள்? பல் பிடுங்கவேண்டியது ஏதாவது இருக்கிறதா? மாரடைப்பு, பக்கவாதம் வந்திருக்கிறதா? நெஞ்செரிச்சல் உண்டா? கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு மருந்தைச் சேர்க்கும் அல்லது தள்ளும். இதில் ஒன்றுகூடக் கேட்காமல் ஸ்கேன் தாளைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து எழுதுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. மருந்து ஆரம்பிக்கும் முன் கால்சியம், பாஸ்பேட், கிரியாட்டினின், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், விட்டமின் டி, தைராய்டு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை இவ்வளவாவது பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன், ரத்தத்தில் புரதப் பிரிப்புச் சோதனை, குடல் சத்தை உறிஞ்சாத சீலியாக் நோய்க்கான சோதனை, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன். இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பாராதைராய்டு சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தால் அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிடுவதுதான் அங்கே முதல் சிகிச்சை. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வயதானவர்களிடம் வெறும் முதுகெலும்பு முறிவாகவே முதலில் தலைகாட்டலாம். விட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மிருதுவாகிப் போன ஆஸ்டியோமலேசியாவும் ஸ்கேனில் அச்சு அசலாக எலும்புப்புரை போலவே தெரியும். அதற்கு எலும்புப்புரை ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளவயதுக்காரர்களின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மைனஸ் 1-க்கு மேல் இயல்பு, மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் எலும்பு லேசாக மெலிந்த நிலையான ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோல் இது. ஆனால் அந்த ஒரு எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எலும்பு முறிகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டிருக்காது. வயதானவர்களுக்கு முதுகெலும்பில் முள் போல எலும்பு வளர்ந்திருந்தால் அந்தப் பகுதியின் எண் உண்மையைவிட நன்றாகக் காட்டும். அதனால்தான் இடுப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற கணக்கீடு வயது, எடை, பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, ஸ்டீராய்டு எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பத்து வருடத்தில் முறிவுக்கான வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு அது ரொம்ப உதவும். உங்கள் அம்மா எல்லைக்கோட்டில் இல்லை. இடுப்பில் மைனஸ் 2.9, கூடவே ஒரு முறிவு. மருந்து தேவையா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எந்த மருந்து, எந்த வரிசையில் என்பதுதான் பாக்கி.

அதனால் கால்சியம் போதும் என்றவரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். கால்சியமும் விட்டமின் டியும் செங்கல் மாதிரி. கொத்தனார் வராத வீட்டில் செங்கலை இறக்கிக்கொண்டே போவதால் சுவர் எழும்பாது. ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். உணவில் கிடைப்பது போக மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் உண்மையான கால்சியம் 500-தான். அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிட்ரேட் வகை நன்றாக உடம்பில் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விட்டமின் டியை அதிகமாக ஏற்றினால் நல்லது என்பதும் தவறு. வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் விழுவதும் முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டன.

மருந்துகளைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும். எலும்பு உயிருள்ளது. அதில் பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு அரிக்கிற கூட்டத்தின் கை ஓங்கிவிடுகிறது. மருந்துகளில் பெரும்பாலானவை அரிப்பைத் தடுப்பவை, சில கட்டுவதைத் தூண்டுபவை.

தடுப்பவற்றில் அதிகம் பயன்படுவது பிஸ்பாஸ்பனேட் குடும்பம். அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. விலை குறைந்தது, நன்றாகச் சோதிக்கப்பட்டது. ஆனால் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் மூன்று வருடம் அதைக் காலைக் காபியோடு விழுங்கியிருந்தார். அந்த மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோடு எடுத்தால் அதிலும் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும். வெறும் வயிறு, ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது. அவரிடம் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை என்று வேறு மருந்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

இதே குடும்பத்தில் வருவதுதான் உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்ன வருடாந்திர ஊசி, ஸோலெட்ரோனிக் ஆசிட். வருடத்துக்கு ஒரு தடவை 5 மில்லிகிராம், டிரிப்பில் ஏற்றுவார்கள். மூன்று வருட ஆய்வில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், மாத்திரையை மறப்பவர்கள் எல்லோருக்கும் இது வசதி. முதல் தடவை போட்டபின் ஓரிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமாலுக்கு அடங்கும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யவேண்டும், விட்டமின் டி சரியாக இருக்கவேண்டும். இந்தக் குடும்ப மருந்துகள் எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும். அதனால் ஆபத்து குறைந்தவர்களுக்கு மாத்திரை ஐந்து வருடம், ஊசி மூன்று வருடம் ஆனதும் டாக்டர் மறுபடி அளந்து பார்த்து ஒரு இடைவெளி விடலாம்.

மூன்றாமவர் சொன்னது டெனோசுமாப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 60 மில்லிகிராம். நல்ல மருந்து, அடர்த்தியை வருடக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போகும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானவர்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் இது எலும்பில் தங்காது. ஊசியை நிறுத்தினால், அதுவரை அடங்கிக் கிடந்த அரிக்கும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும்.

அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 71 வயது அம்மா ஒருவர். மூன்று வருடம் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டவர். ஸ்கேனில் எண் நன்றாக ஏறியிருந்தது. குடும்பத்தில் ஒரு கல்யாணம், பிறகு வீடு மாற்றம், அடுத்த ஊசி தள்ளிப்போனது. போய்க் கேட்ட இடத்தில் ‘எண் நன்றாகத்தானே இருக்கிறது, விடுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினோராவது மாதம் படுக்கையிலிருந்து எழும்போது முதுகில் சுரீர் என்றது. இரண்டு வாரத்தில் மூன்று முதுகெலும்புகள் அமுங்கியிருந்தன. விழவில்லை, பாரம் தூக்கவில்லை. என் அறைக்கு அவர் வந்தபோது மூச்சை ஆழமாக இழுக்கவே பயந்தார். நாற்காலியில் உட்காரும்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத்தான் இறங்குவார். எலும்புப்புரையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அவரும் ஒரு காரணம்.

டெனோசுமாபை ஆறு மாதத்துக்கு மேல் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்தவேண்டி வந்தால் கையோடு ஒரு பிஸ்பாஸ்பனேட்டை ஆரம்பித்தாக வேண்டும். மற்ற மருந்தைப் போல இதற்கு இடைவெளி விடுவது என்ற பேச்சே இல்லை. இந்த ஊசியை எழுதுகிற டாக்டரிடம், ‘இதை எத்தனை வருடம் போடுவோம், நிறுத்தும்போது அடுத்து என்ன?’ என்று முதல் நாளே கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அவர் இந்த நோயை அறிந்தவர். ‘அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நான் வேறு டாக்டரைத் தேடுவேன்.

கட்டுவதைத் தூண்டும் மருந்துகள் விலை அதிகமானவை, அதனால் பேச்சிலேயே வருவதில்லை. டெரிபாரடைட் தினமும் தானே போட்டுக்கொள்ளும் ஊசி, பொதுவாக இரண்டு வருடம்வரை. ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, பன்னிரண்டு மாதம். கடந்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது. எலும்புக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு டெரிபாரடைட் கூடாது. சமீபத்தில் முறிந்தவர், முதுகெலும்பு ஒன்றுக்கு மேல் அமுங்கியவர், டி-ஸ்கோர் மைனஸ் 3-க்கும் கீழே இறங்கியவர் இவர்களுக்கு முதலில் எலும்பைக் கட்டி, பிறகு தடுப்பு மருந்தால் அதைக் காப்பாற்றுவது சிறந்த வரிசை. டெரிபாரடைட்டையும் பிஸ்பாஸ்பனேட் குடும்பத்து ரைசெட்ரோனேட் மாத்திரையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில் டெரிபாரடைட் எடுத்தவர்களுக்குப் புதிய முதுகெலும்பு முறிவு பாதிக்கும் குறைவு. கட்டும் மருந்தை முடித்ததும் தடுப்பு மருந்து ஆரம்பிக்காவிட்டால் கட்டியது கரைந்துவிடும்.

தாடை எலும்பு விஷயம். அந்தச் சொந்தக்காரர் இல்லாததைச் சொல்லவில்லை, ஆனால் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் இது மிக அபூர்வம். வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர் வரை என்ற அளவில்தான் கணக்கிடுகிறார்கள். பயமூட்டும் கதைகள் பெரும்பாலும் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களிடமிருந்து வருகின்றன. அவர்களுக்கு இதே மருந்தை மாதாமாதம் கொடுப்பார்கள், வருடக் கணக்கில் சுமார் பத்து மடங்கு அளவு. பல் பிடுங்குவது, பல் பதிப்பது போன்ற வேலை இருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பல் டாக்டரிடம் இந்த மருந்தைச் சொல்லுங்கள். இதைவிட நான் கவனிக்கச் சொல்வது தொடை. பிஸ்பாஸ்பனேட்டோ டெனோசுமாபோ பல வருடம் எடுத்த சிலருக்கு, மிக அரிதாக, தொடை எலும்பின் நடுவில் விரிசல் விழும். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி இருக்கும். அப்படி ஒரு வலி வந்தால் மூட்டுவலி என்று தைலம் தடவிக்கொண்டிருக்காமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

இனி என் பகுதி. எந்த மருந்தும் விழுவதைத் தடுக்காது. இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுந்ததால் வருபவை. அதனால் சிகிச்சைத் திட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முதுகெலும்பு பலவீனமானவர்கள் முதுகை முன்பக்கம் வளைத்துச் செய்யும் பயிற்சிகளை விடவேண்டும். 1984-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முன்னே வளைந்து பயிற்சி செய்த பெண்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிதாக முதுகெலும்பு அமுங்கியது. பின்னே நிமிர்ந்து செய்தவர்களில் 16 சதவீதம்தான். குனிந்து கால்விரலைத் தொடுவதும், படுத்தபடி எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சியும் இவர்களுக்கு ஆகாது.

ஒரு நீளக் கம்பை முதுகோடு சேர்த்து வைத்துப் பழக்குவேன். கம்பு பின்னந்தலை, நடுமுதுகு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு மூன்றையும் தொட வேண்டும். அந்த மூன்று தொடுகையும் விலகாமல், இடுப்பிலிருந்து மட்டும் மடங்கி, முழங்காலைத் தளர்த்தி, கீழே இருக்கும் பொருளை எடுக்க வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் தலை முதலில் கம்பை விட்டு விலகும். பத்து நாளில் உடம்பு பிடித்துக்கொள்ளும். பிறகு பல் துலக்கும்போதும் வாளியைத் தூக்கும்போதும் தானாக அப்படியே மடங்குவார்கள். அதோடு கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு காலுக்கு முன் மறுகாலை வைத்து நிற்பது, படிப்படியாகப் பாரம் தூக்குவது. ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான பாரம் தூக்கவைத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார். வீட்டில் தனியாக அதை ஆரம்பிக்கக் கூடாது, முதுகு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது தொடவே கூடாது. நடப்பது மனசுக்கும் இதயத்துக்கும் நல்லது, ஆனால் நடை மட்டும் எலும்புக்குப் போதாது. தூக்க மாத்திரை, பழைய கண்ணாடி, வழுக்கும் குளியலறை, இரவில் கழிப்பறைக்குப் போகும் இருட்டு வழி இவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து சரிபாருங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி டெக்ஸா எடுப்பார்கள். அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷினின் எண்ணோடு ஒப்பிட முடியாது. எண் ஏறாமல் அப்படியே நின்றாலும் அது தோல்வி இல்லை, சரிவு நின்றிருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு நான் இப்போது செய்யச் சொல்வது இதுதான். செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து, இளவயதில் இருந்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் முதுகெலும்பு ஏற்கெனவே அமுங்கியிருக்கலாம். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யார் கண்ணிலும் படாமலே போகின்றன. வலி இருந்தாலும் ‘வயசானதால் வந்த முதுகுவலி’ என்று தள்ளிவிடுகிறோம். உயரம் குறையாவிட்டாலும் பரவாயில்லை, இந்த முதுகுவலிக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். டெக்ஸா தாள், மணிக்கட்டு முறிந்தபோது எடுத்த படம், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எண்டோகிரைனாலஜிஸ்ட் அல்லது ருமட்டாலஜிஸ்ட் ஒருவரிடம் போங்கள்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நன்றாக இருந்து, சிறுநீரகமும் விட்டமின் டியும் சரியாக இருந்தால், வருடத்துக்கு ஒரு ஊசி என்ற இரண்டாவது டாக்டரின் யோசனையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நிறுத்துவதும் தொடர்வதும் அதில் எளிது. மூன்றாமவர் சொன்னதும் தவறில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசகாமல் கூட்டிப்போக வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால். ஆனால் எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு அமுங்கியிருப்பது தெரிந்தால் இரண்டு ஊசியையும் நிறுத்திவைத்து, கட்டும் மருந்தை முதலில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். எந்தத் தடுப்பு மருந்தையும் ஆரம்பிக்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். எக்ஸ்ரே வரும்வரை அம்மாவைக் குனிந்து எதையும் தூக்கவிடாதீர்கள்.